ஏழாவது அம்பு

இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று பத்துக்கு அணைக்கட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டிய ஆறு பிள்ளைகள் ஐந்து ஐம்பத்தேழுக்குக் கிடைத்தார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே அது நான்கு மணி நேரமானது. மறுநாள் ஆறானது. செவ்வாய்க்கிழமைக்குள் கண் காது மூக்கு எல்லாம் முளைத்து, 'விடிய விடிய காட்டுக்குள்ளே' என்று நடமாடத் தொடங்கிவிட்டது.

விசிலக்கா அதைத் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் நேரக் கணக்கோடு நிற்காது.

அவளுக்கு வயது இருபத்தாறு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்துவது வேறு ஆள். குத்தி எடுத்த ரத்தம் குழாய் குழாயாக அவள் மேசைக்கு வரும். மனிதர்களைவிடக் குழாய்கள் அவளுக்குத் தோது. அவை திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் அவள் குரல் தொண்டைக்குழியைத் தாண்டாது. அதனால்தான் விசில். சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு, பழைய நூலகத்தின் பின்கூடத்தில், பதினேழு சாரணப் பிள்ளைகளை அவள் விசிலாலேயே மேய்த்தாள். ஒரு நீள ஊதல் என்றால் வரிசையில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். மூன்று குட்டை ஊதல் என்றால் ஆபத்து. பிள்ளைகள் வைத்த பெயர்தான் விசிலக்கா.

ஒரே ஒரு மாதத்துக்கு என்று கேட்டுக் கொடுத்த பொறுப்பு அது. மூன்று வருடம் ஆகிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் அவள் பார்க்காதது இல்லை. நான்கு மணி வகுப்புக்கு மூன்றரைக்கே பிள்ளையை இறக்கிவிட்டு ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போகிறவர்கள். "அப்படியே இவனுக்குக் கணக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்கிறவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பேட்ஜ் கிடைத்து தன் பிள்ளைக்குக் கிடைக்காததற்கு விளக்கம் கேட்டு வேலை நேரத்தில் போன் செய்கிறவர்கள். முடிச்சுப் போடப் பழகும் கயிற்றில் நூலகக் காவலாளியின் சட்டை காய்ந்துகொண்டிருக்கும். அதை அவளே கழற்றி மடித்து வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குவாள்.

"சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை கிடையாது. இந்த வேலைக்கு உன்ன மாதிரி ஆளை விளக்கு வெச்சுத் தேடித்தான் பிடிக்கணும்" என்பான் அண்ணன்.

"அவளை ஏன்டா சீண்டுற? வீட்ல வாயே திறக்காத புள்ள, அங்கயாவது ஊதிட்டுப் போகட்டும்" என்பாள் அம்மா. அம்மா ஆதரவாகப் பேசினாலும் அடி விழுவது அவள் முதுகில்தான்.

அந்தச் சனிக்கிழமை குன்றில் ஒருநாள் முகாம். குன்றுக்கு இந்தப் பக்கம் மைதானம், அந்தப் பக்கம் அணைக்கட்டு. பெரிய பிள்ளைகள் ஆறு பேருக்குத் தடம் பிடிக்கும் விளையாட்டு. பாதை பிரிகிற இடங்களில் தரையில் கற்களை அம்பு மாதிரி அடுக்கி வைத்திருக்கும். அம்பு காட்டும் வழியில் நடந்து, ஆள் துணை இல்லாமல் மைதானத்திலிருந்து அணைக்கட்டுக்கு வர வேண்டும். பத்து பிரிவு, பத்து அம்பு. இரவு ஷிப்ட் முடித்து, மாற்று ஆள் தாமதமாக வந்து, ஓடிப்பிடித்த பஸ் அணைக்கட்டுப் பக்கம் இறக்கிவிட, காலை எட்டரைக்கு விசிலக்கா தன்னந்தனியாகத்தான் அம்புகளை வைத்தாள். துணைக்கு வருகிறேன் என்று இரண்டு பெற்றோர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவரிடமிருந்து காலையில் கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது. ஆள் வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஆறு பேரும் கிளம்பினார்கள். அணித் தலைவி சுண்டு. பதின்மூன்று வயது, உயரம் ஒன்பது வயதுக்கானது, குரல் முப்பது வயதுக்கானது. மற்ற பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு விசிலக்கா சுற்றுவழியாக அணைக்கட்டுக்குப் போய்க் காத்திருந்தாள்.

மூன்று பத்து ஆனது. மூன்றரை ஆனது. பதினோரு பேரை வேன் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, வனக்காவலருக்குப் போன் செய்துவிட்டு, அணைக்கட்டுப் பக்கமிருந்து காட்டுக்குள் நுழைந்தாள். ஏழாவது பிரிவுக்கு வந்ததும் கீழே பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு பழைய கல்குவாரிப் பக்கம் ஓடினாள்.

விசில் கேட்டது. மூன்று குட்டை ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று. குவாரிச் சுவர்கள் அந்தச் சத்தத்தை நாலு பக்கமும் திருப்பி எறிந்தன. கிழக்கே போனால் மேற்கே கேட்டது. கடைசியில் ஒரு பாறை நிழலில் அவர்களைக் கண்டாள். ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் மகனின் கணுக்கால் சுளுக்கியிருந்தது. அதில் சுண்டுவின் ஸ்கார்ஃப் எட்டு வடிவத்தில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. தண்ணீரை பாட்டில் மூடியால் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள் சுண்டு.

"ஆறு பேரும் இருக்கோம்க்கா. இவன் ரெண்டு தடவை அழுதான், மத்தபடி ஒண்ணுமில்ல."

"ஒரு தடவைதான்" என்றான் டாக்டர் மகன்.

"அடையாளம் தெரியலைன்னா கடைசியா பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போகணும்னு சொல்லியிருக்கீங்கல்ல? போனேன்க்கா. அம்பு இந்தப் பக்கம்தான் காட்டுச்சு. மறுபடி வந்தேன். இவன் கால் போச்சு. சரி, இனிமே அசையக் கூடாதுன்னு உட்கார வெச்சுட்டேன்."

எல்லாம் விதிப்படி. ஒரு பிசகு இல்லை.

திரும்பும்போது, விசில் சத்தம் கேட்டு வந்து சேர்ந்த வனக்காவலர் டாக்டர் மகனைத் தூக்கிக்கொண்டார். ஏழாவது பிரிவில் விசிலக்கா அரை நிமிடம் பின்தங்கினாள். விளையாட்டு முடிந்ததும் கடைசியாக வருகிறவர் அடையாளங்களைக் கலைத்துவிட வேண்டும் என்பது சாரணர்களின் வழக்கம். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் பல் டாக்டர் அவளை க்ளினிக்குக்கு வரச் சொன்னார். பெற்றோர் குழுவுக்கு அவர்தான் தலைவர். உள்ளே இரண்டே நாற்காலி. ஒன்றில் டாக்டர், இன்னொன்றில் செயலாளரான இன்சூரன்ஸ்காரர். கட்டைவிரல் படம் அனுப்பியவர் இவர்தான். மிச்சம் இருந்தது நோயாளி நாற்காலி.

"அதுலயே உட்காருங்க, பரவாயில்ல."

உட்கார்ந்தாள். நாற்காலி தானாகப் பின்னால் சாய்ந்தது. தலைக்கு மேல் விளக்கு.

"பயப்படாதீங்க, பிடுங்க மாட்டேன்" என்று சொல்லி டாக்டரே சிரித்துக்கொண்டார். பக்கத்துத் தட்டில் ஒரு சுண்ணாம்புத் தாடை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

இன்சூரன்ஸ்காரர் ஒரு தாளைப் பிரித்தார். "தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம். 'அணித் தலைவி அடையாளங்களைச் சரிவரக் கவனியாமல், தன்னிச்சையாகப் பாதை மாறிச் சென்றதால் இச்சம்பவம் நேர்ந்தது. அவர் சாரணப் படையிலிருந்து நீக்கப்படுகிறார்.' பாருங்கம்மா, உங்க பேர் ஒரு இடத்துல கூட இல்ல. கீழ கையெழுத்து மட்டும் உங்களோடது."

அவள் தலையைத் தூக்கப் பார்த்தாள். நாற்காலி விடவில்லை.

"ஏதோ ஒரு காரணம் சொல்லியாகணும்" என்றார் டாக்டர். "காரணம் சின்னதா இருந்தா எல்லாருக்கும் நல்லது."

காரணம் சின்னதுதான். நாலடி உயரம்.

"அம்பு இருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்றாளே" என்றாள் விசிலக்கா, விளக்கைப் பார்த்து.

"மறுநாளே நானும் இவரும் போய்ப் பார்த்தோம். அந்தப் பிரிவுல அம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. பற்களுக்குப் பின்னால் இருந்தது. அவற்றைத் திறக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர் எதிரில் உட்கார்ந்திருந்தும் அது வெளியே வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கி வந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு சிவப்பு நோட்டு உண்டு. குழாய் மாறினாலும், நேரம் தப்பாகக் குறித்தாலும், யார் செய்தார்களோ அவர்களே அன்றைக்கே அதில் எழுத வேண்டும். என்ன நடந்தது, எப்போது, யாரால். அதோடு விஷயம் முடிந்தது. யாரும் யாரையும் திட்டுவதில்லை. நான்கு வருடத்தில் அவள் ஒன்பது முறை எழுதியிருக்கிறாள், தயங்கியதில்லை. குழாய்க்குச் சொந்தக்காரர் யாரென்றே அவளுக்குத் தெரியாது, அதனால் இருக்கலாம். இப்போது அந்த நோட்டைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட அவள் சுற்றுவழி எடுத்தாள்.

ஒன்பதாம் நாள் தையற்கடைக்குப் போனாள். சுண்டுவின் அம்மா தையற்காரி. படையின் பதினேழு ஸ்கார்ஃபும் அவள் கையால் தைத்தவை. ஒரு பிள்ளையின் ஸ்கார்ஃபில் ஓரம் பிரிந்திருந்தது என்பது சாக்கு.

தையற்காரி மெஷினை நிறுத்தவில்லை. "வாங்க. உங்களை ரெண்டு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன். இவ விட மாட்டேங்குறா. 'அக்காவ ஒண்ணும் சொல்லாதே'ன்னு வாயை அடைக்கிறா. ஸ்கூல்ல பிள்ளைங்க 'வழிகாட்டி வர்றாடா, பின்னால போயிடாதீங்க'ன்னு கிண்டல் பண்றாங்களாம். சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வர்றா."

கடையின் மூலையில் சுண்டு பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"கடைசியா வர்றவங்கதான் அடையாளத்தைக் கலைக்கணும். அதானே விதி?"

"ஆமா."

"கலைக்கறதுக்கு முன்னாடி அது சரியா இருந்துச்சான்னு பார்த்துட்டுக் கலைக்கணுமா, பார்க்காமலேயே கலைக்கலாமா?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. விசிலக்காவின் கையிலிருந்த ஸ்கார்ஃப் பந்தாகச் சுருண்டது.

"சும்மா கேட்டேன்" என்றாள் சுண்டு. ஒரு கறுப்பு பட்டனை எடுத்துக் கறுப்புக் குவியலில் போட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பாதி சொன்னாள். பாதியிலேயே அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "கையெழுத்தைப் போட்டுட்டுக் கழண்டுக்கோ. அந்தப் பொண்ணுக்குப் பதிமூணு வயசு, ஆறு மாசத்துல மறந்துடுவா. நீ மாட்டினா உன் லேப் வேலைக்கே வில்லங்கம் வரும். ஊருக்கு உழைச்சது போதும்."

"மறக்க மாட்டா."

"என்ன?"

"அவ மறக்க மாட்டான்னு சொன்னேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சத்தம் வருமா என்று பார்த்த மாதிரி இருந்தது.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. நான்கு மணி வகுப்புக்கு முன், மூன்று மணிக்கே பின்கூடத்தில் கூட்டம். மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினைந்து பெற்றோர்கள் வந்திருந்தார்கள். மூன்று வருடத்தில் எந்தக் கூட்டத்துக்கும் ஐந்து பேரைத் தாண்டியதில்லை. முற்றத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். கூடத்தின் நடுவே சுண்டுவும் அவள் அம்மாவும் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். கடிதம் வாசிக்கப்பட்டது. "விசிலக்கா, நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சது" என்றார். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றி வைத்திருந்தார்.

"அதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை" என்றார் இன்சூரன்ஸ்காரர். "ஸ்கார்ஃபைக் கழட்டிக் குடுத்துடும்மா. சண்டை சச்சரவு வேண்டாம்."

"மாட்டேன்" என்றாள் சுண்டு.

"என்னது?"

"கழட்ட மாட்டேன். நான் ஒரு தப்பும் பண்ணல. அம்பு இருந்துச்சு. அது காட்டின பக்கம் போனேன்."

"சரி, இருந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அப்புறம் எங்க போச்சு?"

சுண்டு தரையைப் பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் செருப்பின் நுனியை அழுத்திக்கொண்டிருந்தது. கூடத்தின் மறுகோடியில் நின்ற விசிலக்காவின் பக்கம் அவள் கண் ஒரு தடவைகூடப் போகவில்லை. போகவே கூடாது என்று கழுத்தைக் கெட்டியாக வைத்திருந்தாள்.

"பார்த்தீங்களா, பதில் இல்ல."

"பொண்ணுங்களை லீடரா போட்டா இப்படித்தான்" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

தையற்காரி அந்தப் பக்கம் திரும்பினாள். "உங்க பையன் சட்டைக்குக் காலர் மாத்தினது ஒரு பொண்ணுதாங்க. அது சரியா இருக்கா? போட்டுட்டுத்தான் வந்திருக்கான், வெளிய ஓடறான் பாருங்க." பிறகு டாக்டரிடம், "பதினேழையும் தைச்சது நான். என் மக கழுத்துல இருக்கறதைக் கழட்டணும்னா மத்த பதினாறையும் கழட்டி என் கையில குடுங்க. துணி என்னோடது, நூல் என்னோடது. அப்புறம் கழுத்துல எதைக் கட்டிக்கிட்டு அணிவகுப்பு நடத்துறீங்கன்னு நானும் பார்க்கிறேன்."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். யாரோ மரியாதை என்றார். யாரோ மேசையைத் தட்டினார். விசிலக்கா "ஒரு நிமிஷம்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம், ப்ளீஸ்" என்றாள். முன்வரிசையில் ஒரு அம்மா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சண்டையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

விசிலை எடுத்து வாயில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். ஒரு நீள ஊதல்.

நான்கு சுவருக்குள் முழு மூச்சோடு ஊதினால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளே அதுவரை கேட்டதில்லை. டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். இன்சூரன்ஸ்காரரின் கையிலிருந்த கடிதம் கீழே விழுந்தது. முற்றத்தில் ஓட்டமும் கூச்சலும் கத்தரித்த மாதிரி நின்றன. ஜன்னல் வழியே பதினாறு பிள்ளைகள் இரண்டு வரிசையாக அசையாமல் நிற்பது தெரிந்தது. கூடத்துக்குள் சுண்டுவும் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்திருந்தாள். வழக்கம் விடவில்லை.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் விசிலக்கா.

குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள்.

"அந்தக் கடிதத்துல ஒரு வரி கூட உண்மை இல்ல. விடிய விடியன்னு சொல்றீங்க. ரெண்டு மணி நாப்பத்தேழு நிமிஷம். அந்த நேரம் பூரா ஆறு பேரையும் ஒரே இடத்துல வெச்சு, தண்ணியைப் பங்கு போட்டு, உங்க பையன் காலுக்குக் கட்டுப் போட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை விசில் ஊதினது இந்தப் பொண்ணு, டாக்டர். அவ கழுத்துல இருந்த துணிதான் உங்க பையன் கால்ல இருந்துச்சு. அதைத்தான் இப்பக் கழட்டிக் கேக்கறீங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே அவர் மகன் ஒரு காலை லேசாகத் தூக்கி வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"அது சரிம்மா," என்றார் இன்சூரன்ஸ்காரர், குனிந்து கடிதத்தைப் பொறுக்கியபடி. "பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? யாராவது ஏத்துக்கணும்ல?"

"நீங்க அன்னிக்கு வர்றேன்னு பேர் குடுத்தீங்க. கட்டைவிரல்தான் வந்துச்சு. அதை அப்புறம் பேசிக்கலாம், அது வேற கணக்கு. அதை என் தப்புக்கு முட்டுக் குடுக்க வெச்சுக்க மாட்டேன்."

"என்ன தப்பு?" என்று கேட்டது தையற்காரி.

சுண்டு அப்போதுதான் அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. அடுத்த அம்பு எங்கே என்று தேடுகிற பார்வை.

"என்னை எடுக்கணும்னா எடுங்க. எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு இந்தக் கூடம் பூட்டியிருந்தா வெளிய முற்றத்துல நிப்பேன். வேற ஆள் வந்தா அவங்களுக்குக் கயிறு பிடிச்சுக் குடுப்பேன். ஆனா அவ பேரை இதுல இழுக்காதீங்க." அவள் மூச்சு வாங்கினாள். இனி சுற்றுவழி இல்லை. "அன்னிக்கு நான் அணைக்கட்டுப் பக்கமிருந்து நடந்து வந்து அம்பு வெச்சேன். பிள்ளைங்க வர்ற திசைக்கு நேர் எதிர் திசை. என் பாதைக் குறிப்புல ஏழாவது பிரிவுக்கு, பிள்ளைங்களுக்கு 'வலப்பக்கம்'னு எழுதியிருந்தேன். திரும்பி நின்னு பார்க்காம, என் வலக்கைப் பக்கமா வெச்சுட்டேன். எதிர்ல வர்றவங்களுக்கு அது இடப்பக்கம். குவாரிப் பக்கம்."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

"நீங்க போய்ப் பார்த்தப்ப அம்பு ஏன் இல்லைன்னா, தேடி வந்தப்பவே நான் அதைப் பார்த்தேன், தப்புன்னு தெரிஞ்சுது, திரும்பும்போது தெரிஞ்சேதான் காலால கலைச்சேன்."